மலிவான எல்.எஸ்.டி.யும் மலைநாட்டு அபிப்பிராயமும்

நானுஓயாவிலும் நுவரெலியாவிலும் உள்ள கராஜ்களில், பழைய கார் ஒன்றுக்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது சுருக்கமாக எல்.எஸ்.டி., பூட்டலாமா என்று ஒருவர் கேட்டால், அவருடைய கார் எது, அது எந்தத் தோட்டத்துப் பாதையில் என்ன பாரத்தோடு ஏறுகிறது என்ற விசாரணை எதுவுமின்றி விடை ஆயத்தமாக வந்துவிடுகிறது: “பேருள்ள சாமான் வாங்க முடிஞ்சா போடுங்க, மலிவு சாமான்னா வேணாம், போடாமலே ஓட்டுறது மேல்.” மெக்கானிக் இதைச் சொல்கிறார், வேன் ஓட்டுகிறவர் சொல்கிறார், ஏப்ரல் மாதத்தில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற இளைஞரும், ஏதோ தாமே கண்டுபிடித்தது போன்ற தோரணையில், இதையே சொல்கிறார். பலர் கூடி நெடுநாள் சொல்லிவந்த காரணத்தால் இது சித்தாந்தத்தின் அந்தஸ்தை அடைந்திருக்கிறது. பரீட்சித்துப் பார்த்து அடைந்த அந்தஸ்தன்று.

இவ்வபிப்பிராயத்தில் உண்மையின் அம்சம் சிறிதும் இல்லையென்று சாதிப்பது என் நோக்கமன்று. மலிவாக விற்கப்படும் சாமான்களில் குப்பை உண்டு. அதைப் பூட்டிக்கொண்டு, ஆறு மாதம் கழியுமுன் பின்னச்சில் ஓலமிடும் சத்தத்தோடு கராஜுக்குத் திரும்பி வந்தவர்களும் உண்டு. என் ஆட்சேபம் வேறு. ஒரு டிஃபரன்ஷியலின் குணதோஷங்களை அறிவதற்கு மைக்ரோமீட்டர், டயல் கேஜ், டார்க் ஸ்பானர் என்ற சாதனங்கள் இருக்க, அவற்றை எடுத்துப் பிடிக்கும் சிரமத்தைத் தவிர்க்கும் பொருட்டு நாம் விலைச்சீட்டை எடுத்துப் பிடிக்கிறோம். அது காட்டுவது விற்பவருடைய ஆசையின் அளவை மட்டுமே என்பதை மறந்துவிடுகிறோம்.

“போடாமலே ஓட்டுறது மேல்” என்று உபதேசம் செய்வது எளிது. அந்த உபதேசம் யார் தலையில் விழுகிறது என்பதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். 2020-இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022-இல் ரூபாயின் மதிப்பு சில வாரங்களுக்குள் டாலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 360 வரை சரிந்தது. தனியார் கார்களுக்கு வாசல் மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த வாசலின் வழியே வந்த கார்களின் விலையைக் கேட்டுவிட்டு, இருந்த காரையே கழுவித் துடைத்து வைத்துக்கொண்டவர்கள் நம்மில் அனேகர். ஆகையால் பின்சக்கர ஓட்டமுள்ள பழைய கொரோலா டி.எக்ஸ். வேகன்கள் இன்றும் இம்மலைகளில் கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றிக்கொண்டு, தென்மேற்குப் பருவமழை ஊறவைத்த மண்பாதைகளில், ஒரு சக்கரம் தாரிலும் மறு சக்கரம் சேற்றிலுமாக ஏறிக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு வேகனின் சொந்தக்காரரிடம், வண்டியின் விலையில் கணிசமான பங்கைக் கேட்கிற வெளிநாட்டு எல்.எஸ்.டி.யைக் காட்டி, இது முடியாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்வது, வழுக்கும் சக்கரத்துக்கடியில் கல்லையும் சாக்கையும் போட்டுத் தள்ளிக்கொண்டே இரு என்று சொல்வதற்குச் சமானம்.

யந்திரத்தின் தத்துவத்தை ஓரளவு விளக்காமல் வாதத்தை நடத்த இயலாது. வளைவில் திரும்பும் வண்டியின் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் பொருட்டு ஏற்பட்டதே டிஃபரன்ஷியல். 1827-இல் பெக்கேர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக வகுத்த அந்த யுக்தி, இன்றும் சாராம்சத்தில் மாறவில்லை. அதன் குணமும் அதன் குறையும் ஒன்றே: எஞ்சினிலிருந்து வரும் முறுக்கு விசையை அது இரு சக்கரங்களுக்கும் சரிசமமாகப் பங்கிடுகிறது. ஒரு சக்கரம் சேற்றில் நின்று, எதையும் பற்ற இயலாமல் சுழலுமானால், தாரில் உறுதியாக நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அந்த ஏழைச் சக்கரம் தாங்கக்கூடிய அளவே கிடைக்கும். அதற்குமேல் ஒரு துளியும் கிடையாது.

எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். பாரத்தோடு 1,200 கிலோ நிறையுள்ள வேகன் ஒன்று, ஒன்பதடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் நிற்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதைப் பின்னிழுக்கும் விசை சுமார் 133 கிலோ. சக்கரம் உருளுவதில் உண்டாகும் தடையையும் சேர்த்தால் 150 என்று கொள்ளலாம். பின்சக்கரம் ஒவ்வொன்றின்மேலும் 300 கிலோ அமர்ந்திருக்கிறது. சேற்றிலுள்ள சக்கரத்தின் பிடிமானம் பாரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு என்றால், அது தள்ளக்கூடியது 45 கிலோ. சாதாரண டிஃபரன்ஷியல் மற்றச் சக்கரத்துக்கும் 45 கொடுக்கிறது, மொத்தம் 90, வண்டி நகராது. வழுக்காத சக்கரத்துக்கு இரண்டரை மடங்கு வரை அனுப்பக்கூடிய எல்.எஸ்.டி. இருந்தால் 45-உடன் 112 சேர்ந்து 157 ஆகிறது, வண்டி ஏறிவிடுகிறது. அதுவே இரண்டு மடங்கு மாத்திரம் அனுப்புகிற ஒன்றானால் 135-இல் நின்றுபோகும், அது எவ்வளவு பெயர்பெற்ற கம்பெனியின் முத்திரையோடு வந்திருந்தாலும். சேற்றில் நிற்கும் வண்டிக்கு அந்த மடங்கு தெரிகிறது, முத்திரை தெரிவதில்லை.

எல்.எஸ்.டி. என்பதே பந்தயக்காரர்களின் ஆடம்பரம், தோட்டப் பாதைக்கு அது எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இக்கணக்கே பதில். ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் காரில், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலும் ஒரு பின்சக்கரம் வீணாகச் சுழன்றதனால், 1935-இல் இசட்.எஃப். கம்பெனியிடம் அவர் இத்தகைய டிஃபரன்ஷியலைச் செய்யச் சொன்னார் என்பதும், அதற்கு ஓராண்டு முன்னரே, 1934-இல், நம் மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் போட்டி தொடங்கிவிட்டது என்பதும் சரித்திரம். ஆனால் பந்தயக் காரில் அபரிமிதமான சக்தியால் உண்டான அதே வியாதி தோட்டப் பாதையில் அற்பமான பிடிமானத்தால் உண்டாகிறது. மருந்து பந்தயத்தில் பிறந்ததென்பதற்காக நோயாளி அதைத் தொடக்கூடாதென்பது என்ன நியாயம்?

இனி, மலிவு என்ற ஒரே கோணிக்குள் நம்மவர்கள் திணித்துவிட்ட வெவ்வேறு வஸ்துக்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். அவற்றில் மிக மலிவானது வெல்டிங். டிஃபரன்ஷியலின் உட்பற்சக்கரங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து, இரு சக்கரங்களும் எக்காலத்தும் ஒரே வேகத்தில் சுழலும்படி செய்துவிடுவது. இதன் விளைவை அறிய விரும்புகிறவர் கராஜுக்குப் போகவேண்டியதில்லை. 1885-இல் திறக்கப்பட்ட நம் நானுஓயா ஸ்டேசனின் மேடையில் நின்றாலே போதும். ரயிலின் இரு சக்கரங்களும் ஓர் அச்சில் இறுகப் பூட்டப்பட்டவை. சக்கர விளிம்பைச் சரிவாகக் கடைந்து அதற்கு ஓரளவு பரிகாரம் தேடியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் 44-க்கு 1 என்ற ஏற்றமும் ஐந்து செயின் ஆரமுள்ள வளைவுகளும் கொண்ட இப்பாதையில், வளைவுதோறும் இரும்பு இரும்பின்மேல் சறுக்கிக் கிறீச்சிடுவதை யாரும் கேட்கலாம். தார் வீதியில் அவ்வாறு சறுக்கும் டயரும் அதன் முறுக்கைத் தாங்கும் அச்சும் நெடுநாள் நிலைப்பதில்லை. ஈரமான வளைவில் வண்டியின் பின்புறம் ஓட்டுநரின் விருப்பத்தைக் கேட்பதுமில்லை. அடுத்தது, உட்பற்சக்கரங்களுக்கிடையே ஸ்பிரிங் வைத்த இரும்புக் கட்டைகளைச் செருகுவது. ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் உராய்வு உண்டாகிறது. அந்த உராய்வே கட்டையைத் தேய்க்கிறது. தேய்ந்த பொடி எண்ணெயில் கலந்து பேரிங்குகளைத் தின்கிறது. இவ்விரண்டையும் விலக்கவேண்டுமென்பதில் எதிர்க்கட்சியினரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் இவை விலக்கத்தக்கவை ஆனது மலிவினாலன்று, அமைப்பினால். இவற்றைத் தங்க விலைக்கு விற்றாலும் நான் வேண்டாமென்றே சொல்வேன்.

வழக்கு எழுவது மூன்றாவது, நான்காவது வகைகளைப் பற்றி. மூன்றாவது, ஜப்பானில் கழித்த கார்களிலிருந்து எடுக்கப்பட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளின் தகரக் கொட்டகைகளை வந்தடைகிற, கம்பெனியே பூட்டியனுப்பிய பழைய எல்.எஸ்.டி.கள். நான்காவது, சாய்ந்த பற்களுள்ள ஹெலிகல் வகையைப் பார்த்து அப்படியே வார்த்துச் செய்யப்படும் புதிய நகல்கள். இவ்விரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர் ஏமாறுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குகிறவரும், தாம் ஏமாந்ததை அறியாமலே ஏமாறுவார்.

பழைய சாமானில், ஒன்றோடொன்று உராயும் பிளேட்டுகளை உள்ளே அடுக்கிய பிளேட் வகைக்குப் பரீட்சை எளிது. வண்டியில் பூட்டியபின் ஒரு பின்சக்கரத்தை மாத்திரம் ஜாக்கியால் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, மற்றச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தூக்கிய சக்கரத்தின் நடுவில் டார்க் ஸ்பானரைப் பிடித்துத் திருப்பினால், எவ்வளவு விசையில் அது நகரத் தொடங்குகிறதென்பதை ஸ்பானரே சொல்லும். கம்பெனி சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் பிளேட்டுகள் உயிரோடிருக்கின்றன. விரலால் தள்ளினாலே சுழன்றால் தேய்ந்துவிட்டன. தேய்ந்தவற்றுக்கும் சிம் என்ற மெல்லிய தகடு சேர்த்து உயிர் கொடுக்கலாம். பிளேட் புதிதாகப் போடலாம். இப்பரீட்சையை வாங்கும் முன்பே செய்ய விரும்புகிறவர் இரண்டு பழைய அச்சுத் துண்டுகளைக் கையோடு கொண்டுபோய், ஒன்றை வைஸில் இறுக்கி மற்றதைத் திருப்பிப் பார்க்கலாம். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். விஸ்கஸ் வகை அப்படியன்று. அதனுள் முத்திரையிட்டு அடைக்கப்பட்ட சிலிக்கோன் திரவம் வயதில் கெட்டுப்போகும். கெட்டதைத் திருத்த வழியில்லை. மெல்லத் திருப்பினால் இணங்கி, வேகமாகத் திருப்பினால் எதிர்க்காவிட்டால், அந்தச் சாமானை எந்த விலைக்கும் வாங்காதிருப்பதே விவேகம். பஞ்சிகாவத்தையில் இரண்டும் ஒரே தட்டில், ஏறக்குறைய ஒரே விலையில் கிடக்கின்றன என்பதை, விலையைக் கொண்டு குணத்தை அறிகிறவர்கள் கவனிக்கவேண்டும்.

புதிய நகலைப் பற்றிய குற்றச்சாட்டுகளை நான் அறிவேன்: உள்ளேயுள்ள கிண்ண வடிவ ஸ்பிரிங் வாஷர்கள் தலைகீழாக அடுக்கப்பட்டிருக்கின்றன, மூடியைப் பிணைக்கும் போல்ட்டுகள் மெத்தென்ற இரும்பு, பற்களின் விளிம்பில் கடைசலின் பிசிறு, உட்குழிகளில் வார்ப்பு மணல். இவை அத்தனையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இவற்றில் எது திருத்த முடியாதது? பெட்டியிலிருந்து எடுத்த நகலை அப்படியே பூட்டுவது, கழுவாத கீரையை அப்படியே சட்டியில் போடுவதற்கு ஒப்பாகும், கீரையின்மேல் குற்றமில்லை. அதைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பிசிறுகளை எண்ணெய்க்கல்லால் நீக்கி, வாஷர்களை முறைப்படி எதிரெதிராக அடுக்கி, போல்ட்டுகளை எறிந்துவிட்டு 10.9 அல்லது 12.9 என்று தலையில் பொறித்த உயர்தரமானவற்றைப் பூட்டுப் பசையோடு இறுக்குவது, ஒரு நிதானமான மெக்கானிக்குக்கு ஒரு பகல் வேலை. திருத்த முடியாத குற்றங்கள் இரண்டே. பல்லின்மேல் அரத்தை வைத்து இழுத்தால் அது வழுக்கிச் செல்லாமல் பல்லைக் கடிக்குமானால், இரும்பு சரியாகப் பதப்படுத்தப்படவில்லை. பேரிங் அமரும் கழுத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, பழைய கூட்டின் கழுத்தைவிடச் சிறுத்திருக்கக் கண்டால், பேரிங் அங்கே இறுகி நிற்காமல் சுழலும். இவ்விரண்டில் ஒன்று இருந்தாலும் சாமானைத் திருப்பி அனுப்பவேண்டும். இதை அறிய ஓர் அரமும் ஒரு மைக்ரோமீட்டரும் போதும்.

ஆயினும் மலிவு சாமான் உடைந்த கதைகளில் மிகுதியானவற்றுக்கு வேர் சாமானில் இல்லை, பூட்டிய விதத்தில் இருக்கிறது என்பதே என் உறுதியான அபிப்பிராயம். ஆகவே பூட்டும் காரியத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன். டி.எக்ஸ். வேகனில் அச்சுகள் இரண்டையும் வெளியே இழுத்தபின் டிஃபரன்ஷியல் தனிக் கூடாக முன்பக்கம் கழன்று மேசைக்கு வருவது பெரிய சௌகரியம். பேரிங் மூடிகளைக் கழற்றுமுன் இடம் வலம் என்று குறியிடவேண்டும். அவை கூட்டோடு சேர்த்துக் கடையப்பட்டவையாதலால் மாறிவிட்டால் மறுபடி அமரமாட்டா. புதிய எல்.எஸ்.டி.யின் உட்பல்லும் அச்சின் பல்லும் எண்ணிக்கையில் ஒத்திருக்கின்றனவா, அச்சு முழு ஆழத்துக்கும் இறங்குகிறதா என்பதை அப்போதே பார்த்துவிடவேண்டும். எல்லாம் பூட்டிய பிறகு பார்ப்பதால் வரும் ஞானம் அதிக விலையுள்ளது. டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது நம் பக்கத்தில் சகஜம்; அவ்வாறு ஏற்றப்பட்டது ஒருபுறம் சாய்ந்து அமர்ந்து, சுழலும்போது தள்ளாடும். கொதிக்கும் நீரில் அதை இட்டுச் சூடேற்றினால் விரிந்து தானாக இறங்கும். ஈரத்தைத் துடைத்து, போல்ட்டுகளை எதிரெதிர் வரிசையில் சிறிது சிறிதாக இறுக்கி, பின்பு டயல் கேஜை அதன் முதுகில் வைத்துச் சுழற்றித் தள்ளாட்டத்தைப் பார்க்கவேண்டும்.

இதற்கப்பால் வருவதுதான் பேக்லாஷ். கிரவுன் வீலின் பல்லுக்கும் அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனின் பல்லுக்கும் இடையே இருக்கவேண்டிய அசைவை, இந்த வகைச் சிறிய டொயோட்டா டிஃபரன்ஷியல்களுக்கு 0.13-இலிருந்து 0.18 மில்லிமீட்டருக்குள் வைக்கச் சொல்கிறார்கள். ஒரு தலைமயிரின் கனத்தைவிடச் சற்றே அதிகமான இந்த இடைவெளியை விரலால் ஆட்டிப் பார்த்து “சரியா இருக்கு” என்று சொல்லக்கூடிய மகான்கள் இருக்கலாம். நான் டயல் கேஜையே நம்புகிறேன். இருபுறமும் உள்ள திருகு வளையங்களில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை அதே அளவு இறுக்கினால் கிரவுன் வீல் பினியனை நெருங்கும் அல்லது விலகும். இரண்டையும் சேர்த்து இறுக்கினால் பேரிங்கின் இறுக்கம் கூடும். இரண்டையும் ஒருங்கே சரிப்படுத்துவதில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. பின்பு பற்களின்மேல் நீல மையைப் பூசிச் சுழற்றி, அழுத்தத்தின் தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, நுனிக்கோ அடிக்கோ ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். பழைய கிரவுன் வீலும் பினியனும் ஜோடி பிரியாமல் திரும்பப் பூட்டப்பட்டு, பினியன் தொடப்படாதிருந்தால், தடம் பெரும்பாலும் பழைய இடத்திலேயே விழும். இவ்வளவையும் செய்யாமல் பூட்டப்பட்ட டிஃபரன்ஷியல் ஓலமிடுமானால், அந்த ஓலத்துக்கும் அது வாங்கப்பட்ட விலைக்கும் என்ன சம்பந்தம்? ஐந்து மடங்கு விலை கொடுத்து வாங்கியதை இதே கையால் இதே அவசரத்தில் பூட்டினாலும் அது இதே சுருதியில்தான் ஓலமிடும்.

பெயருள்ள கம்பெனி உத்தரவாதம் தருகிறதே என்பார்கள். தருகிறது, தன் பட்டறையில் செய்யப்பட்டதற்கு. நானுஓயாவில் பூட்டப்பட்டதற்கு அன்று. அவ்வுத்தரவாதத்தை நிறைவேற்றிக்கொள்ளக் கடல் கடந்து பார்சல் அனுப்பவேண்டியவர், தபால் செலவையும் சுங்கத்தையும் கணக்கிட்ட பிறகு, அது தமக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்று யோசிப்பாராக. பெட்டியின்மேல் அச்சடித்த பெயரே போலியாக இருக்கும் காலம் இது என்பதையும் இடையில் நினைவூட்டவேண்டியிருக்கிறது.

மலிவைப் பழிப்பவர்களை மறுப்பதனால், மலிவை விற்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கியதாக எண்ணவேண்டாம். இதைப் போட்டால் மழையிலும் பனிமூட்டத்திலும் வண்டி வழுக்காது, ஆபத்தில்லை என்று அவர்கள் பேசுவது பொய். அதுவும் இந்த ஊரில் பேசத்தகாத பொய். 2023 ஜனவரி 20-ஆம் தேதி, நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பேருந்து ஒரு வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி ஏழு பேர் மாண்டதை இப்பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வீதியின் அபாயம் இறக்கத்தின் அபாயம். எல்.எஸ்.டி. எஞ்சினின் விசையைப் பங்கிடும் சாதனம். பிரேக்கின் வேலையை அது செய்யாது, சூடேறிப்போன பிரேக் லைனிங்கைக் குளிர்விக்காது, இறக்கத்தில் கீழ் கியரில் வரவேண்டிய கடமையிலிருந்து எவரையும் விடுவிக்காது. ஏற்றத்தில் உதவும் பிளேட் வகை, ஈரமான வளைவில் திடீரென்று ஆக்சிலேட்டரை மிதித்தால் இரு பின்சக்கரங்களையும் ஒருங்கே வழுக்கவைத்து வண்டியைச் சுற்றிவிடவும் கூடும். டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஒரு பக்கம் புதிய டயரும் மறுபக்கம் தேய்ந்த ரீபில்ட் டயருமாக ஓடும் வண்டியில், சுற்றளவின் வித்தியாசத்தால் எல்.எஸ்.டி. நேர்வீதியிலும் இடைவிடாது வேலை செய்து தேயும். டயர் ஜோடியை வாங்கப் பணமில்லாதவர் எல்.எஸ்.டி.யைப் பிறகு யோசிக்கலாம்.

ஹெலிகல் வகைக்கு இன்னொரு குறையும் உண்டு. அது நகலுக்கும் அசலுக்கும் பொது. ஒரு சக்கரம் முற்றிலும் தரையை விட்டு எழும்பி, அதன் பிடிமானம் பூஜ்யமானால், பூஜ்யத்தை இரண்டரையால் பெருக்கினாலும் பூஜ்யமே. தேயிலை மலைப் பாதையில், மழைநீர் அறுத்த குழியின் குறுக்கே ஏறும்போது இது நேரும். அச்சமயம் ஹேண்ட் பிரேக்கை இரண்டொரு பல் இழுத்துப் பிடித்து மெதுவாக விசை கொடுத்தால், சுழலும் சக்கரத்துக்குச் செயற்கையாக ஒரு தடை உண்டாகி, அதன் இரண்டரை மடங்கு மற்றதற்குப் போய்ச் சேரும். அசலை வாங்கியவர்களும் இந்த உபாயத்தை அறிந்திருப்பது நல்லது. பெட்டியோடு வரும் காகிதத்தில் இது எழுதப்பட்டிருக்கவேண்டுமென்ற கட்டாயமில்லை.

பூட்டியாயிற்று, எண்ணெய் ஊற்றுவதில் மறுபடி சிக்கனம் தலைகாட்டும். பிளேட் வகைக்கு எல்.எஸ்.டி.க்கென்று குறிப்பிட்ட ஜி.எல்.-5 எண்ணெயே வேண்டும். சாதாரண எண்ணெயில் பிளேட்டுகள் வளைவுதோறும் பற்றி விடுபட்டு உறுமும். அந்த உறுமலைக் கேட்டு, மலிவு சாமானல்லவா என்று தலையசைப்பவர்கள் உண்டு. ஹெலிகலுக்குப் பழைய எண்ணெயின் வகையே போதும். முதல் நாள் வெட்டவெளி ஒன்றில் எட்டு எண் போல இருபுறமும் மெதுவாக வட்டமிட்டுப் பிளேட்டுகளைப் பழக்கி, பாரமேற்றாமல் சில நாட்கள் ஓட்டி, ஆயிரம் கிலோமீட்டருக்குள் அந்த எண்ணெயை வெள்ளைத் துணியின் வழியே வடித்துப் பார்க்கவேண்டும். சாம்பல் நிறப் பசையாகப் படிவது புதிய பற்கள் ஒன்றோடொன்று இணங்கியதன் அடையாளம். துடைத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றலாம். துணியில் விரலுக்கு உறுத்தும்படியாகச் செதில்கள் தங்கினால், கொடுத்த பணத்தைப் பற்றிய துக்கத்தை ஒதுக்கிவைத்து, அன்றே கூட்டைக் கழற்றிப் பிரித்துப் பார்த்துவிடவேண்டும், அதன்மேல் எந்தக் கம்பெனியின் பெயர் பொறித்திருந்தாலும்.